பத்தாம் தளத்தின் எண்

லிஃப்ட் நின்றுபோன நவம்பரில்
யாரோ தகட்டை வைத்துப் பெயிண்ட் அடித்து
ஒவ்வொரு தளத்துச் சுவரிலும் சிவப்பாக எண் போட்டார்கள்.
திபிலிசியின் வடக்கு ஓரம், கில்தானி.
எங்கள் கட்டடத்துக்குப் பத்துத் தளம்.
நான் பத்தாவதில்.

மாலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று
வாசித்துக்கொண்டே ஏறுவேன்.
ஏழில் மூச்சு வாங்கும்.
எட்டில் எப்போதும் பூண்டு வதங்கும்.
காலையில் அதே சுவர்களைத் தலைகீழாக இறங்குவேன்.
ஏறியதையும் இறங்கியதையும்
இடைவெளி விடாமல் எழுதினால்

12345678910987654321

மின்கட்டண அலுவலகத்தில் பதினாறு வருடம்.
நீளமான எண்ணைக் கண்டதும் இலக்கங்களைக் கூட்டுவது
என்னைக் கேட்காமல் என் கை செய்கிற காரியம்.
தொண்ணூற்றொன்று வந்தது.
எங்கள் மொழியில் அதை
நான்கு இருபதும் பதினொன்றும் என்போம்.
எத்தனை இலக்கம் என்று எண்ணினேன்:
சரியாக ஓர் இருபது.

மூன்றால் வகுத்தேன், மீதி ஒன்று.
ஏழால், மீதி ஐந்து.
பதினொன்றால், மறுபடியும் ஒன்று.
பதின்மூன்றுக்கும் மசியவில்லை.
இப்படியே தட்டிக்கொண்டு போனால்
முந்நூற்றைம்பது கோடிக்கு அப்பால்தான் நிற்கலாம்.
பில் தாளின் பின்பக்கம் அவ்வளவு பெரிதில்லை.
மறுநாள் அலுவலகக் கணினியிடம் கேட்டேன்.
பேனாவுக்கு மூடி போடுவதற்குள் சொல்லிவிட்டது:
பகா எண்.

கீழ்வீட்டு நுக்ஸாரின் எண்ணையும் எழுதிப் பார்த்தேன்.
ஒன்பது வரை ஏறி, ஒன்பதிலிருந்து இறங்குகிறவன்.

12345678987654321

ஒன்பது ஒன்றுகளை வரிசையாக நிறுத்தி
அதே வரிசையால் பெருக்கினால் வருவது.
முழு வர்க்கம்.
நாற்பத்தைந்து வகுத்திகள், கல்யாண வீடு மாதிரி.
உள்ளே போய்ப் பார்த்தால்
மூன்று இருக்கிறது, முப்பத்தேழு இருக்கிறது,
அப்புறம் 333667 என்று ஒரு பகா எண்,
யாருடைய மீட்டர் எண்ணோ என்று
பதிவேட்டில் தேடிக்கூடப் பார்த்தேன். இல்லை.

அவன் எண்ணை எந்தப் பக்கமிருந்தும் வாசிக்கலாம்.
என்னுடையதும் அப்படித்தான் தோன்றும்.
திருப்பினால் நடுவிலிருக்கும் பத்து
பூஜ்ஜியம், ஒன்று என்று உடைந்துவிடும்.
என் வீட்டுத் தாழ்ப்பாள் இருக்கிற இடம் அது.

பதினெட்டுப் படி கூட ஏறினதற்கு
இவ்வளவு மாறுமா ஓர் எண்?

ஜனவரியில் நுக்ஸார் கதவைத் தட்டினான்,
லிஃப்ட் மோட்டாருக்கு வசூல்.
வீட்டுக்கு இரண்டு இருபது லாரி.
பணம் எடுத்து வருவதற்குள்
மேசைமேல் கிடந்த தாளைப் படித்துவிட்டான்.

"எதனாலும் வகுபடாதா, மக்வாலா?"
ஒன்றால். தன்னால்.
"பாவம்."

எனக்குச் சுருக்கென்றது. சொன்னேன்:
நான்கால் வகுத்து ஒன்று மீதி வந்தால்,
அது பகா எண்ணாகவும் இருந்தால்,
இரண்டு வர்க்கங்களைக் கூட்டி அதை எட்டலாம்.
ஒரே ஒரு ஜோடி. வேறு ஜோடி கிடையாது.
கடைசி இரண்டு இலக்கம் பார், இருபத்தொன்று.
மீதி ஒன்றுதானே?

"எந்த ஜோடி?"

இருக்கிறது. நான் இன்னும் தேடவில்லை.

ரசீது எழுதினான், தேதியைத் தப்பாகப் போட்டான்,
அடித்துத் திருத்தினான், போனான்.

பிப்ரவரி கடைசியில் லிஃப்ட் ஓடியது.
உண்டியல் பெட்டியில் பத்து தெத்ரி போட்டால் மேலே.
இடையில் சுவர் இல்லை, பூண்டு இல்லை.
ஒன்று, பத்து, ஒன்று.
1101.
கதவு மூடுவதற்குள் மூன்றால் வகுத்துவிட்டேன்,
367 முறை, மீதியே இல்லை.
இருபது இலக்கத்துப் பிடிவாதம்
நான்கு இலக்கத்தில் கரைந்ததே என்று
அற்பமாக ஒரு வருத்தம்.

மூடுகிற கதவில் ஒரு கை நுழைந்தது.
நுக்ஸார், உருளைக்கிழங்கு மூட்டை, மகள் கெத்தி.
தகட்டில் எழுதியிருக்கிறது:
மூன்று பேருக்கு மேல் ஏறக் கூடாது.

கெத்தி எம்பிப் பத்தை அழுத்தினாள்.
"நம்ம வீடு ஒன்பது" என்றேன் அவனுக்காக.
அவள் விரலை எடுக்கவில்லை.
ஒன்பது கடந்து போனது.

"காசு அதேதான்" என்றான் நுக்ஸார்,
மூட்டையைக் கை மாற்றிக்கொண்டு.